வரைபடத்தில் இல்லாத சேரி

(காரணை நிலப் போராளிகள் ஜான் தாமஸ், ஏழுமலை நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு தோழர்களை இழந்தோம். காரணையின் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்குக் கொடுத்த விலை அது. அவர்கள் யாருடைய சொத்தையும் பறிக்கப் போகவில்லை. அரசாங்கமே எழுதிக்கொடுத்த நிலத்தை அரசாங்கத்திடம் கேட்டார்கள். அந்தக் கோரிக்கை இன்று எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று கருதுகிறோம்.

அன்று நிலத்தைப் பிடித்து வைத்திருந்தவர் யார் என்று கண்ணுக்குத் தெரிந்தது. வேலி தெரிந்தது, வேலிக்குப் பின்னால் இருந்தவரின் சாதியும் தெரிந்தது. இன்று நம் நிலத்தின் கதை முடிவது பெரும்பாலும் ஓர் அலுவலக மேசையில், ‘நிலப்பயன்பாட்டு மாற்றம்’ என்று தலைப்பிட்ட ஒரு கோப்பில். அங்கே கூச்சல் இல்லை, தடியடி இல்லை. நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு சிறு அறிவிப்பு வரும், சில நாள்கள் அவகாசம் இருக்கும், பிறகு ஓர் ஆணை பிறக்கும். அவ்வளவுதான். இன்றைய பேச்சு அந்தக் கோப்பைப் பற்றியது.

சிறிய திட்டம்

பரந்தூர் என்றால் நாடே அறியும். மேல்மாவில் சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்த விவசாயிகள் மீது 2023இல் குண்டர் சட்டம் பாய்ந்தபோது தலைவர்கள் வந்தார்கள், தொலைக்காட்சிகள் வந்தன. ஆனால் நாற்பது ஏக்கரில் வரும் ஒரு திட்டத்துக்கு யாரும் வருவதில்லை. நம் சேரிகளைச் சுற்றி எழுபவை பெரும்பாலும் இந்த நாற்பது ஏக்கர் திட்டங்களே.

வட மாவட்டம் ஒன்றில் நாங்கள் உடன் நின்ற ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். விவகாரம் நிலுவையில் இருப்பதால் ஊர்ப்பெயர் வேண்டாம். ஏரிப்பாசன ஊர் அது. ஏரிக்கரைக்குக் கீழே நன்செய், மேட்டில் புன்செய். மேட்டுப் புன்செய்யில் நாற்பது ஏக்கருக்குச் சற்று அதிகமான நிலத்தைத் தரகர்கள் வழியாக ஒரு தனியார் நிறுவனம் வாங்கியது. மோட்டார் உதிரிபாகங்கள் பூட்டும் கொட்டகைகள், அட்டைப்பெட்டித் தயாரிப்பு, பிளாஸ்டிக் வார்ப்பு, கிடங்குகள் என்று ஒரு தொழில் வளாகம் திட்டமிடப்பட்டது. விவசாயப் பகுதி என்று இருக்கும் நிலத்தைக் ‘கட்டுப்படுத்தப்பட்ட தொழிற்பகுதி’ என்று மாற்றித் தருமாறு விண்ணப்பித்தார்கள். இலகுரகத் தொழில், புகை இல்லை, நச்சு இல்லை, உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை என்றது விண்ணப்பம்.

இலகுரகம் என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். தொழிற்சாலைகளைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரித்து வந்த மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம், 2016இல் மாசுக் குறியீட்டு எண்ணின்படி அந்தப் பிரிவுகளைத் திருத்தி, வெள்ளை என்ற நான்காவது வகையைச் சேர்த்தது. குறியீடு 20 வரை இருந்தால் வெள்ளை. 36 வகைத் தொழில்கள் அதில் அடங்கின. இவை இயங்குவதற்கு வாரியத்தின் இசைவாணை தேவையில்லை, தகவல் தெரிவித்தால் போதும். பின்னர் இந்த எண்கள் திருத்தப்பட்டாலும் அடிப்படை அதுவேதான்: ஆலையின் வகையைப் பார்த்து அது எவ்வளவு ‘கனம்’ என்று தீர்மானிப்பது.

காற்றில் என்ன கலக்கிறது, நீரில் என்ன கலக்கிறது, என்ன கழிவு மிஞ்சுகிறது என்று அந்தக் குறியீடு பார்க்கிறது. அது தேவைதான். ஆனால் அந்த ஆலை யாருடைய சுடுகாட்டுப் பாதையை மறிக்கிறது, யாருடைய குடிநீர்க் கிணற்றுக்குப் பக்கத்தில் ஆழ்துளை போடுகிறது, எந்த நிலத்தின் மேல் நிற்கிறது என்பதற்கு அதில் மதிப்பெண் கிடையாது. அட்டைப்பெட்டி தயாரிப்பது இலகுவான தொழிலாக இருக்கலாம். அது எழும்பும் இடம் இலகுவானது என்று யார் சொன்னது?

சாத்திய கதவுகள்

‘மக்கள் கருத்தைக் கேட்காமல் எதுவும் நடக்காது, சட்டம் இருக்கிறது’ என்று நம் மாணவர்கள் பலர் நம்புகிறார்கள். எந்தச் சட்டம், எந்த அளவுக்கு என்று பார்ப்போம்.

முதலாவது, 2006 செப்டம்பர் 14ஆம் நாளிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று நாம் அறிந்தது இதன்படி நடப்பதுதான். ஆனால் அறிவிக்கையின் பட்டியலில் உள்ள ஆலை எதுவும் இல்லாத தொழிற்பேட்டை 500 ஹெக்டேருக்குக் குறைவாக இருந்தால், தொழிற்பேட்டை என்ற கணக்கில் அதற்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டியதில்லை. 500 ஹெக்டேர் என்றால் சுமார் 1235 ஏக்கர். நாற்பது ஏக்கர் அந்தக் கணக்கிலேயே வராது.

இரண்டாவது, 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம். சமூகத் தாக்க மதிப்பீடு வேண்டும் என்றும், தனியார் திட்டத்துக்கு அரசு கையகப்படுத்தினால் 80 விழுக்காட்டினரின் ஒப்புதல் வேண்டும் என்றும் அது சொன்னது. நிலமிழக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இழந்த அளவு நிலம் அல்லது 2.5 ஏக்கர், இரண்டில் எது குறைவோ அதைத் தரவேண்டும் என்றும் சொன்னது. தமிழ்நாட்டில் தொழில் நோக்கங்களுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டம் தனியே இருக்கிறது. 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, அந்தச் சட்டத்தையும் வேறு இரண்டு மாநிலச் சட்டங்களையும் 2013 சட்டத்தின் நடைமுறைகளிலிருந்து விலக்கினார்கள். இழப்பீடு மட்டும் மத்தியச் சட்டப்படி, மற்ற நடைமுறை பழைய சட்டப்படி. 2019இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த மூன்று சட்டங்களும் செல்லாது என்றது. அரசு அதே ஆண்டு புதுச் சட்டம் இயற்றி அவற்றுக்கு உயிர் கொடுத்தது. 2021இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. சமூகத் தாக்க மதிப்பீடு என்ற கதவு இப்படிச் சாத்தப்பட்டது.

நம் ஊரில் அந்தக் கதவுக்கும் வேலையில்லை. நிலத்தை அரசு எடுக்கவில்லை, தனியார் விலைக்கு வாங்கினார்கள். பத்திரம் பதிவானால் முடிந்தது.

மிஞ்சியது 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். விவசாயப் பகுதியைத் தொழிற்பகுதியாக மாற்றும் முன் ஒரு திட்ட ஆய்வு நடக்கும். அதற்காக ஆட்சேபணை கேட்டு ஓர் அறிவிப்பு வரும். ஒரு சேரி தன் குரலைப் பதிவு செய்யக்கூடிய வாசல் கடைசியில் இந்த ஒன்றுதான். அதைக்கூடப் பெரும்பாலும் நாம் அறிவதில்லை. நாங்கள் சொல்லும் ஊரிலும் காலனியைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவி நூலகத்தில் நாளிதழ் பார்த்தபோது தன் ஊரின் புல எண்களைக் கண்டிருக்காவிட்டால், கோப்பு ஆட்சேபணை ‘ஏதுமில்லை’ என்று முடிந்திருக்கும்.

வடக்கே காலி நிலம்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துக் கோப்பைப் பார்த்தோம். தல ஆய்வுக் குறிப்பில் நான்கு எல்லைகளும் எழுதப்பட்டிருந்தன. கிழக்கே சாலை. தெற்கே பட்டா புன்செய். மேற்கே ஓடை. வடக்கே காலி நிலம். அந்த வடக்கில் 97 வீடுகள் இருக்கின்றன. பள்ளிக்கூடம் இருக்கிறது, மாதா கோயில் இருக்கிறது, அம்பேத்கர் சிலை இருக்கிறது.

97 வீடுகள் எப்படிக் காலி நிலமாகும்? வேண்டுமென்றே செய்த சதி என்று சொன்னால் எளிதாக இருக்கும். நடந்தது அதைவிட ஆழமானது. ஊர்த்தெரு கிராம நத்தத்தில் இருக்கிறது. நத்தம் என்பது அரசுக் கணக்கில் நூறாண்டுக்கு மேலாகக் குடியிருப்பு. நம் காலனிகள் அப்படி உருவானவை அல்ல. ஆதிதிராவிடர் நலத்துறை பட்டா நிலத்தை வாங்கியோ கையகப்படுத்தியோ மனைகளாகப் பிரித்துக் கொடுத்தது. அம்மா கையில் மனைப்பட்டா இருக்கும். ஆனால் அந்தப் பட்டாக்கள் கிராமக் கணக்கில் ஏறாமல், உட்பிரிவு செய்யப்படாமல் கிடக்கும் ஊர்கள் எத்தனையோ. ‘அ’ பதிவேட்டில் அது இன்னும் புன்செய். புலப்படத்தில் ஒரு கோடுகூட இல்லாத வெற்றுக் கட்டம். அதிகாரி அந்தக் காகிதத்தைப் பார்த்து எழுதினார். குடியிருப்பு எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு நத்தத்திலிருந்து அளந்து 600 மீட்டர் என்றார். நம் வீடுகளின் பின்சுவருக்கும் திட்டத்தின் மதில் சுவருக்கும் இடையில் ஒரு மாட்டுவண்டிப் பாதைதான் இருக்கும்.

ஊரும் சேரியும் தனித்தனி என்பது நமக்குப் பழைய செய்தி. அந்தப் பிரிவினை காகிதத்துக்குள் எப்படிக் குடியேறுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். சாதிப்பெயரை ஒரு இடத்திலும் எழுதாமலே ஒரு கோப்பு சாதியாக நடந்துகொள்ள முடியும். ஊர்த்தெருவுக்கு 600 மீட்டர் பாதுகாப்பு, காலனிக்கு ஒரு வண்டிப்பாதை. இதை எந்த அதிகாரியும் தீர்மானிக்கவில்லை. ஆனால் இதுதான் தீர்மானமாகிறது.

இதே காகிதத்தில் சுடுகாட்டுப் பாதையும் இல்லை. காலனியிலிருந்து பிணம் எடுத்துப்போகும் பாதை அந்தப் புன்செய்க்கு நடுவே போய் ஓடைக்கரையில் ஏறுகிறது. ஊர்த்தெரு வழியாகப் பிணம் எடுக்க முடியாது என்பதால் உண்டான பாதை அது. வழக்கத்தால் வந்ததே தவிர ஆவணத்தால் வந்ததல்ல. மதில் எழும்பினால் அந்தப் பாதை அடைபடும். அடுத்த சாவுக்கு எந்தத் தெரு வழியாகப் போவது? அங்கிருந்து ஒரு மோதல் வெடிக்கும், அதைச் ‘சட்டம் ஒழுங்குப் பிரச்சினை’ என்பார்கள். அதற்கு வித்திட்ட நிலப்பயன்பாட்டு மாற்ற ஆணையை யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

நிலத்துக்கு ஒரு பழைய பெயர்

விசாரணை நாளில் அதிகாரி முதலில் கேட்ட கேள்வி இது: ‘இந்த சர்வே நம்பர்ல உங்க யாருக்காவது பட்டா இருக்கா? இல்லேன்னா நீங்க எப்படி ஆட்சேபணை பண்றீங்க?’

காலனியின் மூத்த பெண் ஒருவர் சொன்னார்: ‘பட்டா எங்க தாத்தா பேர்ல இருந்துச்சு சார். அது எப்படிப் போச்சுன்னு கேக்கத்தான் வந்திருக்கோம்.’

இந்த ஒரு பதிலில் 130 ஆண்டு வரலாறு இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து 1891இல் அறிக்கை எழுதினார். நிலம் இல்லாததே இம்மக்களின் அடிமைத்தனத்துக்கு வேர் என்று அவர் கண்டார். 1892 செப்டம்பர் 30ஆம் நாள் அரசாணை 1010 வந்தது. சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் வரை ஒதுக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. முதல் பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே மாற்றலாம், மீறினால் மாற்றம் செல்லாது, அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. கிராமக் கணக்கில் டி.சி. நிலம் என்றார்கள், பேச்சில் கண்டிஷன் பட்டா என்றோம்.

நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் கைமாறிக்கொண்டே இருந்தது. கல்யாணக் கடனுக்கு, மருத்துவச் செலவுக்கு, மிரட்டலுக்கு. 1980களில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டபோது பல ஊர்களில் டி.சி. என்ற குறிப்பே காணாமல் போனது. குறிப்பு போனதும் அது சாதாரணப் பட்டா நிலம். பிறகு எத்தனை பத்திரம் வேண்டுமானாலும் பதியலாம்.

நாங்கள் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலை வாங்கி வைத்துப் பார்த்ததில், அந்த நாற்பது ஏக்கருக்குள் இரண்டு புல எண்கள், ஆறு ஏக்கர் அளவுக்கு, டி.சி. என்றே இருந்தன. திட்டக் கோப்பில் இணைத்திருந்தது புதிய பதிவேடு மட்டுமே. நிலத்தின் வகையை மாற்றலாமா என்று ஆராயும் அதிகாரி, நிலம் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று ஆராய வேண்டியதில்லை. ‘அது வருவாய்த்துறை வேலை’ என்றார். வருவாய்த்துறையோ ‘மனு வந்தால் பார்க்கிறோம்’ என்றது. பஞ்சமி நிலம் இந்த இரண்டு மேசைகளுக்கும் இடையில் இருக்கும் சந்தில்தான் மறைகிறது. அதன்மேல் கான்கிரீட் தளம் போட்ட பிறகு மீட்பு என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருக்கும்?

‘வேலை வருது, ஏன் தடுக்கிறீங்க?’

இனி நம் வீட்டுக்குள் எழுந்த கேள்விக்கு வருவோம். காலனிக் கூட்டத்தில் ஐ.டி.ஐ. முடித்த இளைஞர்கள் எழுந்து கேட்டார்கள்: ‘அண்ணே, அந்தப் புன்செய்ல நமக்கு என்ன கிடைச்சது? கூலிதானே? கம்பெனி வந்தா மாசச் சம்பளம். நீங்க எதுக்குத் தடுக்கிறீங்க?’

இந்தக் கேள்வியை அலட்சியம் செய்யும் உரிமை எந்த இயக்கத்துக்கும் இல்லை. கிராமத்தையும் விவசாயத்தையும் புனிதமாக்கிப் பேசுவது நம் மரபல்ல. அண்ணல் அம்பேத்கர் 1918இல், சிறு நிலவுடைமைகள் பற்றிய தம் கட்டுரையில், நிலத்தின்மேல் அளவுக்கு மீறிய கூட்டம் தங்கியிருப்பதே நோய், தொழில்மயமே அதற்கு மருந்து என்று வாதிட்டார். கிராமம் நமக்கு என்னவாக இருந்தது என்பதை அரசியல் நிர்ணய சபையில் ஒளிவுமறைவின்றிச் சொன்னவரும் அவரே. ஆண்டை வயலைவிட ஆலை வாசல் மேலானது என்று நம் பெற்றோர் கண்டதும் உண்மை.

ஆகவே அந்த இளைஞர்களிடம் நாங்கள் தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்லவில்லை. சில கேள்விகளை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தோம். எத்தனை வேலை, அதில் நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தக்காரர் வழியாக எத்தனை? திட்ட அறிக்கையில் ‘உள்ளூர் வேலைவாய்ப்பு’ என்று இருந்தது, எண் இல்லை. பக்கத்து வட்டத்தில் ஏற்கெனவே இயங்கும் கொட்டகைகளில் நம் காலனி ஆட்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று அவர்களே போய்க் கேட்டு வந்தார்கள். காவலாளி, துப்புரவு, சுமை இறக்குவது, தோட்டப் பராமரிப்பு. இயந்திரத்தின் முன் நின்றவர்கள் சிலரே. ஊரில் செய்ததையே சீருடை போட்டுச் செய்வதற்குத் தொழில்மயம் என்று பெயரில்லை.

சிறியது என்பதால் தீங்கில்லை என்பதும் பொய். திருப்பூரின் சாயப்பட்டறைகள் தனித்தனியே சிறியவைதான். அவை சேர்ந்து நொய்யலைக் கொன்றன, ஒரத்துப்பாளையம் அணையைச் சாயக்குட்டையாக்கின. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் அவற்றை மூடச் சொல்லும் வரை போனது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். இவை வெள்ளை வகைத் தொழில்கள் அல்ல என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு பட்டறையையும் தனியாக எடைபோட்டால் மொத்தச் சுமை ஒருநாளும் தராசில் ஏறாது என்ற பாடம் எல்லா வகைக்கும் பொருந்தும். நாற்பது ஏக்கருக்கு அனுமதி கொடுத்தபின் பக்கத்து நாற்பதுக்கு விண்ணப்பம் வரும். ‘சுற்றிலும் தொழிற்பகுதி’ என்பதே அப்போது காரணமாகிவிடும்.

கடைசியில் காலனி ஒருமித்து எழுதிய ஆட்சேபணை மனுவில் திட்டத்தை நிராகரிக்கக் கேட்கவில்லை. டி.சி. நிலம் ஆறு ஏக்கரைப் பிரித்து வருவாய்த்துறை விசாரணை முடியும்வரை தொடக்கூடாது. காலனியை வரைபடத்தில் காட்டி, தூரத்தைக் காலனியிலிருந்து அளக்க வேண்டும். சுடுகாட்டுப் பாதையையும் ஓடையையும் பொதுப்பாதை, நீர்வழி என்று பதிவு செய்ய வேண்டும். ஆழ்துளைக் கிணறுகளின் எண்ணிக்கையையும் கழிவுநீர் போகுமிடத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். வேலைவாய்ப்பை எண்ணாகச் சொல்ல வேண்டும், பயிற்சியோடு. கொட்டகைகளில் ஒரு பங்கை நம் தொழில்முனைவோருக்குக் குத்தகைக்குத் தர வேண்டும். மத்தியப் பொதுக் கொள்முதலில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் 4 விழுக்காடு வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மாநிலத்தில் 2023இல் அண்ணல் அம்பேத்கர் பெயரால் 35 விழுக்காடு மூலதன மானியத் திட்டமும் வந்தது. மானியம் கிடைத்தாலும் இடம் கிடைக்காமல் அலைபவர்கள் நம்மவர்கள். நிலத்தை இழந்த மக்களே அந்த நிலத்தின் மேல் எழும் கொட்டகைக்கு உரிமையாளராக ஏன் வரக்கூடாது?

கிராம சபை யாருடையது

கிராம சபையில் தீர்மானம் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நல்ல ஏற்பாடு. ஆனால் தனித்தொகுதியில் வென்று தலைவரானதற்காக மேலவளவு முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்ட மண் இது. பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பத்தாண்டு காலம் ஒரு தேர்தலை நடத்த முடியாத மண். கிராம சபை என்றதும் சமமானவர்கள் கூடும் அவை என்று எண்ணிக்கொள்ள நம்மால் முடியாது. நாம் சொன்ன ஊரிலும் நிலத்தை விற்றவர்கள் ஊர்த்தெருக்காரர்கள். தரகும் அங்கேதான் போனது. அந்த அவையில் நின்று பேச நம் பெண்களுக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது.

இருந்தும் போனார்கள், பேசினார்கள், தீர்மானத்தில் தங்கள் ஆட்சேபணையைப் பதிய வைத்தார்கள். ஏனென்றால் பேசாமல் விட்டது நாளை ‘ஒப்புதல்’ என்று எழுதப்படும்.

அதன் விளைவைச் சொல்லிவிடுகிறோம். இரண்டாவது முறை தல ஆய்வு நடந்தது. புதிய வரைபடத்தில் வடக்கே ‘ஆதிதிராவிடர் குடியிருப்பு’ என்று எழுதப்பட்டிருக்கிறது. டி.சி. புல எண்கள் குறித்து வருவாய்க் கோட்டாட்சியருக்குக் கடிதம் போயிருக்கிறது. நிலப்பயன்பாட்டு மாற்றத்தின் மேல் இன்றுவரை முடிவு வரவில்லை. இதை வெற்றி என்று நாங்கள் அறிவிக்கவில்லை. கோப்பு ஒருநாள் சத்தமில்லாமல் நகரலாம்.

மாணவர்களுக்கு

உங்களிடம் சிலவற்றைக் கேட்டு முடிக்கிறோம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மூன்று காகிதங்களை வாங்குங்கள்: இப்போதைய ‘அ’ பதிவேடு, பழைய செட்டில்மென்ட் பதிவேடு, புலப்படம். இரண்டு பதிவேடுகளையும் பக்கத்தில் வைத்து டி.சி. என்ற குறிப்பு எங்கே மறைந்தது என்று குறியுங்கள். பெரியவர்களை அழைத்துக்கொண்டு நடந்து, வீடு, கிணறு, களம், மேய்ச்சல், சுடுகாடு, அங்கே போகும் பாதை எல்லாம் காட்டும் வரைபடம் ஒன்றை நீங்களே வரையுங்கள். அம்மா வைத்திருக்கும் மனைப்பட்டா கிராமக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், ஏறவில்லையென்றால் மனு கொடுங்கள். அறிவிப்பு வந்தபிறகு இவற்றைத் தேடத் தொடங்கினால் அவகாசம் போதாது. அவகாசம் முடிந்த மறுநாள் நம் உண்மைக்கு மதிப்பில்லை.

சமூகவியல், சட்டம், நிலவியல், கட்டடவியல் படிக்கும் தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். கவிதையும் கதையும் எழுதுகிறவர்களும் இருக்கிறீர்கள். இது இலக்கிய மன்றம், இங்கே புல எண் எதற்கு என்று யாராவது கேட்டால், நம் இலக்கியம் தொடக்கம் முதல் செய்துவந்த வேலையே இதுதான் என்று சொல்லுங்கள்: ‘காலி’ என்று எழுதப்பட்ட இடத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று எழுதுவது. அந்த வேலையைப் புலப்படத்திலும் செய்வோம்.

ஜான் தாமசுக்கும் ஏழுமலைக்கும் வீரவணக்கம். ஜெய்பீம்.